மூளையா, எலும்பா? ஓர் அறுவை மருத்துவரின் வாழ்க்கை கற்றுத்தரும் சொற்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில் தொலைபேசி ஒலித்தது. நம் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் அழுதுகொண்டே பேசினார். "பாஸ்டர், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். மூளை முறிந்துவிட்டதாம்! சீக்கிரம் வாருங்கள்!" பெங்களூரு நகரின் ஒரு மருத்துவமனைக்கு நான் பதறிக்கொண்டு ஓடினேன். குடும்பம் முழுவதும் வராந்தாவில் கதறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த செவிலியரிடம் கேட்டபோது, அவர் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "மூளெ முரிதிதெ" என்றார்.

கன்னடத்தில் "மூளெ" என்றால் எலும்பு. மூளைக்கு அவர்கள் சொல்லும் சொல் "மெதுளு". தாயாருக்கு முறிந்திருந்தது இடுப்பெலும்பு. அவருடைய மூளைக்கு எந்தச் சேதமும் இல்லை. ஒரே ஒரு சொல் தெரியாததால் அந்தக் குடும்பம் இரண்டு மணி நேரம் மரண இருளில் இருந்தது.

அத்துடன் முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேரனிடம் கொடுத்தோம். தம்பி தடையின்றி, அழகான உச்சரிப்போடு வாசித்தான். "இதற்கு என்ன பொருள்?" என்று பாட்டியம்மா கேட்டார். அவன் தலை குனிந்தான். ஆங்கிலத்தில் பொருள் தெரியவில்லை; தெரிந்த சில சொற்களையும் தமிழில் சொல்ல வரவில்லை. கன்னடமோ கடைவீதி அளவுக்குத்தான். கடைசியில் பாட்டியம்மா பொருள் அறியாமலே பெருவிரல் ரேகையை வைத்தார். சாட்சிக் கையொப்பம் இட்ட எனக்கும் அதில் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன் என்ற என் பெருமை அன்று அந்த வராந்தாவிலேயே இறங்கிவிட்டது.

பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்த நம்மில் அநேகருடைய நிலை இதுதான் அல்லவா? நம்மைச் சுற்றி மூன்று மொழிகள் உண்டு. தேவையான நேரத்தில் மூன்றும் கைவிட்டுவிடுகின்றன. இதற்கு ஒரு வழி உண்டா? உண்டு. எங்களுக்கு உதவிய வழியை இங்கே எழுதுகிறேன். ஓர் அறுவை மருத்துவரின் வாழ்க்கை வரலாற்றைக் குடும்பமாக வாசித்தோம்.

கொல்லிமலையில் பிறந்த கைகள்

டாக்டர் பால் பிராண்ட் அந்நிய தேசத்துப் பெற்றோருக்குப் பிறந்தவரானாலும், நம் மண்ணில் பிறந்தவர். 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில், மிஷனெரிகளான ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதியரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலால் இறந்தார். மகனோ கடலுக்கு அப்பால் இருந்தார்.

இளைஞனான பால் முதலில் படித்தது மருத்துவம் அன்று. தச்சு வேலை, கொத்து வேலை முதலிய கட்டடத் தொழில்களைச் சில ஆண்டுகள் கற்றார். பின்னரே லண்டனில் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். இந்நகரின் உயர்ந்த கட்டடங்களில் சாந்து சுமக்கும் சகோதரரே, இதைக் கவனியுங்கள். "சர்ஜன்" என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. அதன் மூலப் பொருள் "கைவேலை" என்பதே. உளி பிடித்துப் பழகிய கை பின்னாளில் கத்தி பிடித்தது. ஒரு சொல்லின் வேரைத் தோண்டினால் ஒரு மனிதரின் வாழ்க்கையே விளங்குகிறது.

1946-இல் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அந்த மருத்துவமனையை நம்மில் அறியாதவர் யார்? அங்கு வந்த சில காலத்தில், செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காண டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த கை ஒன்றினுள் பிராண்ட் தம் கையை வைத்து, "அழுத்துங்கள்" என்றார். செயலற்றது என்று கருதப்பட்ட கை அவரை வலிக்க வலிக்கப் பிடித்தது! தசைகள் யாவும் சாகவில்லை என்பதை அந்தப் பிடி உணர்த்தியது. முன்கையிலிருந்த நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்குத் திருப்பிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். பிச்சைக்கு மட்டுமே நீண்ட கைகள் எழுதவும் தொழில் செய்யவும் கற்றன. 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் நகரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார்; 2003-இல் மறைந்தார்.

இவருடைய வரலாற்றை டோரதி கிளார்க் வில்சன் என்னும் அம்மையார் "டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்" என்ற பெயரில் எழுதினார். அது 1965-இல் வெளிவந்தது. அகராதியைப் புரட்டினால் சொற்கள் வரிசையாக நிற்கும், ஆனால் நெஞ்சில் நிற்கா. கதையில் வரும் சொல்லோ ஒரு முகத்தோடும் ஒரு கண்ணீரோடும் வருகிறது, ஆகையால் மறப்பதில்லை.

நான்கு சொற்களின் கதை

முதற்சொல், தசைநாண். ஆங்கிலத்தில் டெண்டன். தசையை எலும்போடு கட்டும் கயிறு அது. வில்லில் நாண் உண்டல்லவா? உங்கள் கணுக்காலின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தடித்த கயிறுபோல் தோன்றுவது தசைநாணே. தொட்டறிந்த சொல்லைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, நரம்பு. நம் பேச்சில் இச்சொல் பெருங்குழப்பத்தை உண்டாக்குகிறது. "ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம். அங்கே நாம் குறிப்பது இரத்தக் குழாயை; அதற்குச் சிரை என்று பெயர். நரம்பு என்பது உணர்வையும் கட்டளையையும் கடத்துவது. முழங்கையின் உட்புறம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதே, அது நரம்பின் வேலை. தொழுநோய் தாக்கும் இடங்களில் அந்த நரம்பும் ஒன்று. அது கெட்டால் விரல்கள் வளைந்துவிடும்.

மூன்றாவது, வலி. ஒருமுறை பிராண்ட் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் திணறினார். தொழுநோயால் பாதிக்கப்பட்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனோ அதை அறியவில்லை! இரவில் உறங்கும்போது எலிகள் விரல்களைக் கடித்தும் சிலர் உணரவில்லை. ஆகவே வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனைக்குட்டி கொடுத்தனுப்பினார்கள். நோய் நேரடியாக விரல்களைத் தின்றுவிடுவதில்லை, வலியை உணராததால் உண்டாகும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பது பிராண்ட் வலியுறுத்திய உண்மை. வலியை ஓர் ஈவு என்று அவர் எழுதினார்.

நம் தாய்மொழியில் வலிக்கு எத்தனை பெயர்கள்! குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு, விண்ணென்று தெறித்தல், மரத்துப்போதல். இவை வெறும் அலங்காரம் அல்ல. எரிச்சல் என்றால் மருத்துவர் ஒன்றை எண்ணுவார். குடைச்சல் என்றால் வேறொன்றை எண்ணுவார். மரத்துப்போகிறது என்றால் நரம்பைச் சோதிப்பார். "பெயின்" என்ற ஒரே சொல்லோடு வளரும் நம் பிள்ளைகள், தங்கள் சரீரத்தில் நடப்பதைச் சொல்லத் தெரியாதவர்களாகிறார்கள்.

நான்காவது, தொழுநோய். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் குஷ்டரோகம் என்று வாசிக்கிறோம். அங்கே மூலமொழிச் சொல் பலவகைத் தோல் நோய்களையும், ஆடையிலும் சுவரிலும் தோன்றும் கறைகளையும்கூடக் குறிக்கிறது. இன்று நாம் தொழுநோய் என்பது, 1873-இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வருவது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாவது. ஆகவே ஒருவரைக் "குஷ்டரோகி" என்று அழைக்காமல், "தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்" என்று சொல்லுங்கள். மனிதரை நோயின் பெயரால் அழைப்பது அவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவதாகும். நம் நாட்டின் திருமணச் சட்டங்களில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன.

தமிழில் முடியுமா?

"மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா, பாஸ்டர்?" என்று சில வாலிபர் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டுவிட்டது. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷனெரி மருத்துவர் 1847-இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழ் கற்று, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் போதித்து, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுவை மருத்துவ நூலுக்கு அவர் சூட்டிய பெயர் "இரண வைத்தியம்". ரணம் என்பது காயம். கிராமத்துப் பாட்டிக்கும் விளங்கும் சொல். அந்நியர் ஒருவர் நம் மொழியில் இவ்வளவு பிரயாசப்பட்டிருக்க, நாம் அதை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வரலாமா?

புத்தகத்தை எப்படி வாசிப்பது?

1. ஒரே புத்தகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பால் பிராண்டின் வரலாறு கிடைக்காவிட்டால், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸின் வரலாறு உண்டு. வேலூர் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் வரலாறும் உண்டு. கப்பன் பூங்காவிலுள்ள மாநில மத்திய நூலகத்திலும், அல்சூர் ஏரியருகே உள்ள தமிழ்ச் சங்கத்திலும் பிள்ளைகளோடு சென்று தேடுங்கள்.

2. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் போதும். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். படிக்காத பாட்டியும் உட்காரட்டும். சரியான தமிழ்ச்சொல்லை அவரே தருவார்.

3. அறியாத சொல் வந்தவுடன் அகராதிக்கு ஓடாதிருங்கள். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகியுங்கள். பின்பு சரிபாருங்கள். ஊகித்து அறிந்த சொல் ஆழமாய்ப் பதியும்.

4. ஒரு நோட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள்: ஆங்கிலம், தமிழ், கன்னடம், சொந்த வாக்கியம். நாளைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். கன்னடச் சொல்லை அயல்வீட்டாரிடம் கேளுங்கள். சொல்லோடு சிநேகமும் கிடைக்கும்.

5. சொற்களின் உறவைப் பாருங்கள். தமிழில் "ப" என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் "ஹ" ஆகின்றன. பல் ஹல்லு, புண் ஹுண்ணு, பால் ஹாலு. நம் நோவு அவர்களுக்கும் நோவு. நம் கை அவர்களுக்கும் கை. ஆங்கிலத்திலும் இவ்வாறே. "ஐடிஸ்" என்று முடிந்தால் அழற்சி. "எக்டமி" என்று முடிந்தால் வெட்டி நீக்குதல். ஒரு துண்டு தெரிந்தால் இருபது சொற்களின் கதவு திறக்கும்.

6. மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் அதே சொற்களைக் கேளுங்கள். வாரக் கடைசியில் வாசித்ததைப் பிள்ளை பத்து வரிகளில் எழுதட்டும்.

இந்த ஆறாவது வழியை அமெரிக்காவில் ஓர் ஏழைத் தாய் கையாண்டார். டெட்ராய்ட் நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்த சோனியா கார்சன், தம் இரண்டு மகன்களும் வாரம் இரண்டு நூலகப் புத்தகங்களை வாசித்து அறிக்கை எழுதித் தரவேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வறிக்கைகளைச் சரியாக வாசிக்கும் அளவுக்கு அவருக்குப் படிப்பில்லை என்பதைப் பிள்ளைகள் பின்னரே அறிந்தார்கள்! வகுப்பில் கடைசியில் இருந்த இளைய மகன் பென், 1984-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை நரம்பு அறுவைப் பிரிவுக்குத் தலைவரானார். "எனக்குப் படிப்பில்லை, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று சொல்லும் தாய்மாரே, இதை நினைவில் வையுங்கள். அந்தத் தாய் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை; வாசிக்கும்படி பார்த்துக்கொண்டார்.

மீண்டும் அதே வராந்தாவில்

நான் முதலில் குறிப்பிட்ட குடும்பம் அந்த ஆண்டே வாசிக்கத் தொடங்கியது. முதல் மாதத்தில் தம்பி முகம் சுளித்தான். இரண்டாம் மாதத்தில் பூனைக்குட்டிகளின் கதையைப் பாட்டிக்கு அவனே சொன்னான். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். "நடக்கும்போது பாட்டிக்கு எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி பாட்டியிடம் திரும்பி, "குத்துதா பாட்டி, குடையுதா, மரத்துப்போகுதா?" என்று கேட்டான். பாட்டியம்மா சற்று யோசித்து, "தொடையில் மரத்துப்போகுது சாமி" என்றார். அவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். மருத்துவர் உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுந்து வந்து காலைத் தொட்டுச் சோதித்தார்.

அந்நிய நகரத்திற்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல், அந்நாட்டின் எழுத்தையும் பாஷையையும் கற்றான்; தன் வேரையும் மறக்கவில்லை. பிரியமானவர்களே, நாமும் அவ்விதமாகவே இந்நகரத்தில் வாழ வேண்டியவர்கள் அல்லவா? இன்றிரவு உணவுக்குப் பின் ஒரு நோட்டை எடுத்து நான்கு பத்திகள் வரையுங்கள். முதல் வரியில் எலும்பு என்று எழுதி, அதன் எதிரே "மூளெ" என்று எழுதுங்கள். இனி ஒரு குடும்பமும் அந்தச் சொல்லுக்காக அழ வேண்டியதில்லை.