துணியில் தைத்த வரலாறு

அஞ்சல்தலைகளையும் பழைய நாணயங்களையும் சேர்ப்போரை நாம் நன்கறிவோம். பிரிட்டனில் சிலர் ஆர்வத்துடன் சேர்ப்பவை வேறு வகையானவை: விமானப்படைப் பயிற்சி மாணவர் அணிகளின் எம்பிராய்டரிச் சின்னங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இத்துணிச் சின்னங்கள் பெரும்பாலும் சொற்ப விலைக்கே கைமாறுகின்றன. பல, ஒன்றுக்கு ஒன்று என்ற பண்டமாற்றிலேயே கிடைக்கின்றன. ஆயினும் முறையாகச் சேர்த்து, விவரம் எழுதி வைத்தால், ஓர் இயக்கத்தின் வரலாறே அவற்றில் அடங்கிவிடும்.

ஊரார் வளர்த்த அணிகள்

முதல் உலகப் போரில் போதிய பயிற்சி பெறாத இளம் விமானிகள் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டு உயிரிழந்தனர். அந்நிலை மீண்டும் நேரக் கூடாது எனக் கருதிய ஏர் கமடோர் ஜான் அட்ரியன் ஷாமியர், 1938ஆம் ஆண்டில் ‘ஏர் டிஃபென்ஸ் கேடட் கோர்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அந்தந்த ஊர் மக்கள் திரட்டித் தந்த பணத்தாலும் உழைப்பாலும் அதன் அணிகள் வளர்ந்தன. ஓர் அணியின் பெயரில் எண்ணோடு ஊரும் இடம்பெறுவது இந்தத் தொடர்பை இன்றும் நினைவூட்டுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 பிப்ரவரி 5 அன்று, அரச ஆணையின்படி ‘ஏர் டிரெயினிங் கோர்’ உருவாயிற்று. முந்தைய அமைப்பின் அணிகள் இதனுள் இணைந்தன. மன்னர் ஆறாம் ஜார்ஜ் இதன் கௌரவத் தலைமையை ஏற்றார். சிறகு விரித்த வல்லூறும், ‘துணிந்து செல்’ என்ற கருத்துடைய ‘வென்ச்சர் அட்வென்ச்சர்’ என்னும் முழக்கமும் இதன் சின்னத்தில் இடம்பெற்றன. தொடக்கத்தில் சிறுவர்களுக்கு மட்டுமே இருந்த இவ்வமைப்பில் 1980களில் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர்.

நம் நாட்டின் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவை அறிந்தவர்களுக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். ஆனால் நம் மாணவர் படை பள்ளி, கல்லூரிகளைச் சார்ந்து இயங்குகிறது; பிரிட்டனின் இவ்வணிகளோ பெரும்பாலும் ஊரைச் சார்ந்தவை. ஊர்மக்களைக் கொண்ட குழுக்கள் இன்றும் அணிகளுக்கு நிதி திரட்டித் தருகின்றன.

சின்னத்தைப் படிக்கும் முறை

ஒரு சின்னத்தில் முதலில் பார்க்க வேண்டியது எண். எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், அது 1938இல் தொடங்கிய அமைப்பின் நிறுவன அணிகளுள் ஒன்று எனப் பொருள். லெஸ்டர் நகரின் முதலாம் அணியும் கார்டிஃப் நகரின் முப்பதாம் அணியும் இவ்வெழுத்தைத் தாங்குபவை. ‘டி.எஃப்.’ என்ற குறிப்பு, முழு அணியாக வளராத சிறு பிரிவைக் குறிக்கும். அத்தகைய பிரிவு பின்னர் முழு அணியாக உயர்ந்திருந்தால், இருநிலைச் சின்னங்களையும் அருகருகே வைப்பது சேகரிப்பாளருக்குத் தனி மகிழ்ச்சி.

அடுத்தது படம். உள்ளூர்க் கோட்டையோ பாலமோ நகரச் சின்னமோ அதில் இருக்கலாம். பின்னர் சின்னத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கணினி வழித் தையலின் ஒரே சீரான நூலோட்டம், ஒட்டும் பட்டை, நெகிழிப் பூச்சு ஆகியவை அண்மைக் காலத் தயாரிப்பைக் காட்டும். புற ஊதா விளக்கில் செயற்கை இழைகள் பளிச்செனத் தெரிவதுண்டு. எனினும் சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் அவ்வாறே ஒளிரக்கூடும். எனவே ஒரு சோதனையை மட்டும் நம்பி, ‘போர்க்காலச் சின்னம்’ என்ற பேச்சுக்கு மிகுந்த விலை கொடுத்தல் ஆகாது.

மறைந்தவற்றின் சாட்சி

அணிகள் கலைக்கப்படும்போதும் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போதும் இச்சின்னங்களின் மதிப்பு வெளிப்படுகிறது. பயிற்சி மாணவர்களைக் கிளைடர் விமானங்களில் பறக்கச் செய்தவை தன்னார்வலர்களால் இயங்கிய தனி அணிகள். விமானங்களின் பறக்கும் தகுதி குறித்த ஐயத்தால் 2014இல் அப்பயிற்சி நிறுத்தப்பட்டது. 2016இல் அறிவிக்கப்பட்ட மறுசீரமைப்பில் அவ்வணிகளுள் பல கலைக்கப்பட்டன. பதினாறு வயதில் தனியே வானில் பறந்த அனுபவத்தை எத்தனையோ பேருக்கு அளித்த களங்கள் அவை. அவற்றில் பயிற்சி பெற்றவர்களிடம் இன்று எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களும், பயணக் குறிப்பேடும், ஒரு துணிச் சின்னமுமே.

பாதுகாப்பும் பதிவும்

துணியின் முதற்பகை வெயில். அடுத்தவை ஈரமும் பூச்சியும். சின்னங்களை அமிலமற்ற தாளில் வைத்து, வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் வைத்தல் நன்று. பி.வி.சி. உறைகள் நாளடைவில் துணியைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறைகள் ஏற்றவை. பசையிட்டு ஒட்டுவதும், தேய்ப்புப் பெட்டியால் அழுத்துவதும், பழையவற்றைத் துவைப்பதும் தவிர்க்க வேண்டியவை.

இவை அனைத்தினும் முதன்மையானது பதிவு. ஒவ்வொரு சின்னத்திற்கும் ஓர் எண்ணிட்டு, எந்த அணியினுடையது, எந்த ஆண்டு அணியப்பட்டது, யாரிடமிருந்து, எந்த முகாமில் கிடைத்தது, அணிந்தவர் கூறிய செய்தி என்ன என்பனவற்றைக் குறித்து வைக்க வேண்டும். விவரக் குறிப்பில்லாத வரவு கணக்கேட்டில் எவ்வளவு குழப்பம் தருமோ, அவ்வளவு குழப்பத்தைக் குறிப்பில்லாத சின்னமும் தரும். சேகரித்தவர் நினைவில் மட்டும் உள்ள செய்தி அவரோடு மறைந்துவிடும். பெட்டியைத் திறக்கும் வாரிசுகளுக்கு அது வண்ணத் துணிக் குவியலாகவே தோன்றும்.

எனவே சேகரிப்பின் பட்டியல் எங்கே உள்ளது, தமக்குப் பின் அது எவரிடம் சேர வேண்டும் என்பதையும் குடும்பத்தாருக்கு எழுதி வைத்தல் நலம். அணி இன்னும் இயங்கினால் அதற்கே திருப்பி அளிக்கலாம். மறைந்திருந்தால் அவ்வூர் அருங்காட்சியகத்திடம் கேட்கலாம். அஞ்சல்தலையோ நாணயமோ, நாம் எதைச் சேர்த்தாலும் இந்நெறி பொருந்தும்.