சங்கிலி வாளும் கைக்காப்பும்

மரம் அறுக்கும் சங்கிலி வாள்களுள் எது சிறந்தது என்று வினவினால், குதிரைத்திறனையும் விலையையும் சொல்வோரே மிகுதி. நான் முதலில் பார்ப்பது முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் காப்பைத்தான்.

இத்துறையின் முன்னோடிகளுள் செர்மானியர் குறிப்பிடத்தக்கவர். எமில் லெர்ப் 1927-இல் துரிங்கியாவின் டோல்மார் மலையில் பெட்ரோல் வாளைச் சோதித்தார். மலையின் பெயரே நிறுவனத்தின் பெயருமாயிற்று. ஆந்திரேயாஸ் ஸ்டில் 1929-இல் உருவாக்கிய வாளின் எடை 46 கிலோ. இயக்க இருவர் வேண்டும். (ஸ்டில் என்றதும் எஃகு என எண்ணிவிட வேண்டா, அது அவர் குடும்பப் பெயர்.) அந்நிறுவனமே 1959-இல் வெளியிட்ட 'கான்ட்ரா' ஏறத்தாழ 12 கிலோதான். அதே ஆண்டில் சுவீடனின் ஹஸ்க்வர்னாவும் தன் முதல் சங்கிலி வாளை வெளியிட்டது. 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தோன்றிய நிறுவனம் அது.

எடை குறையவே ஒருவரே கையாளலாயிற்று. ஆபத்தும் அவர் முகத்திற்கு நேரே வந்தது. சங்கிலி, வாளின் மேற்பக்கத்தில் முன்னோக்கி ஓடி நுனியில் கீழே திரும்புகிறது. நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டுப் பல் சிக்கினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வாள் மேலும் பின்னுமாக எகிறும். அறுப்பவர் 'ஐயோ' என்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்குத் தீர்வே சங்கிலித் தடை. எகிறும்போது மணிக்கட்டு பட்டுக் காப்பு முன்னே சாய்ந்தால், எஃகுப் பட்டை ஒன்று கிளட்சு உருளையை இறுக்கிச் சங்கிலியை நிறுத்தும். கை படாமலே, எகிறும் வேகத்தின் சடத்துவத்தாலேயே இயங்கும் தடையை ஹஸ்க்வர்னா 1973-இல் அளித்தது. இன்று இரு நிறுவனங்களின் வாள்களிலும் அஃது உண்டு. இதில் ஏற்றத்தாழ்வு காண்பதற்கில்லை.

வேறுபாடு அதிர்வுத் தடுப்பில் தெரியும். இடைவிடா அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து அவற்றை வெளிறச் செய்யும், உணர்ச்சியும் மங்கும். ஹஸ்க்வர்னா பெரும்பாலும் எஃகுச் சுருள்வில்லை நாடுகிறது. ஸ்டில் மாதிரிகள் பலவற்றில் ரப்பர்த் திண்டும் உண்டு. நாள்பட்டால் ரப்பர் இறுகும். ஆதலின் நாள் முழுதும் அறுப்போர்க்குச் சுருள்வில்லே ஏற்றது என்பது என் கருத்து.

எந்தப் பெயர் பொறித்ததாயினும், வாங்குமுன் கடைக்காரரை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். விசையை விட்டதும் சங்கிலி நிற்க வேண்டும். ஓடும்போது காப்பை முன்னே தள்ளினால் அக்கணமே நிற்க வேண்டும். நில்லாவிடில் விலை எத்துணைக் குறைவாயினும் அதை வாங்கலாகாது.