ரப்பர் பூச்சில் ஆபத்து எங்கே?

மோட்டார் காரின் அடிப்பாகத்தை என்றாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே பளபளக்கும் வண்ணம். கீழேயோ தார் பூசியது போன்ற கறுப்புப் பூச்சு! சக்கரங்கள் வாரியடிக்கும் கற்களிலிருந்தும் சேற்று நீரிலிருந்தும் இரும்புத் தகட்டைக் காப்பது அதுவே. பட்டறைகளில் அடிக்கப்படும் இத்தகைய பூச்சுகள் பலவற்றில் செயற்கை ரப்பர் உண்டு. கல் பட்டால் சாதாரணப் பெயிண்ட் உதிரும்; ரப்பரோ அமுங்கி மீளும். சாலை இரைச்சலையும் ஓரளவு குறைக்கும்.

பரவலாகப் பயன்படும் செயற்கை ரப்பர், ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பர். எடையில் ஏறத்தாழ 3 பங்கு பியூட்டாடையீனும் 1 பங்கு ஸ்டைரீனும் சேர்ந்து இது உருவாகிறது. 1942-இல் ஜப்பான் மலேயாவின் ரப்பர் தோட்டங்களைக் கைப்பற்றியதும், அமெரிக்கா இதைப் பெருமளவில் தயாரிக்க முனைந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பியூட்டாடையீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாயு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அப்படியானால் ரப்பரும் நஞ்சுதானா?

இல்லை. பியூட்டாடையீன் மூலக்கூறு மிகச் சிறியது. ஆவியாக மூச்சில் கலந்துவிடும். பலபடியாக்கலின்போது இத்தகைய ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் சங்கிலியாகக் கைகோத்துக்கொள்கின்றன. அந்த நீண்ட சங்கிலி ஆவியாகாது. அதன் வேதிக் குணமும் வேறு. இதே வகை ரப்பரை, உணவுக்கேற்ற தூய்மையில், சூயிங்கம்மில் சேர்க்க அமெரிக்காவில் அனுமதி உண்டு! ஆகவே, வாயுவைக் கையாளும் தொழிற்சாலைத் தொழிலாளிக்குத்தான் பியூட்டாடையீனால் ஆபத்து; காய்ந்த பூச்சைத் தொடுபவருக்கு அல்ல.

அப்படியானால் பூச்சு அடிப்பவருக்கு ஆபத்தே இல்லையா? உண்டு, அது வேறிடத்திலிருந்து வருகிறது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுபவர் சொல்யூஷனைத் தடவிச் சற்று உலர விடுவதைக் கவனித்திருப்பீர்கள். ரப்பரைக் கரைத்து வைத்திருந்த கரைப்பான் அப்போது ஆவியாகிப் போகிறது. ரப்பர் மட்டும் தங்குகிறது. கார்ப் பூச்சுகள் பலவற்றிலும் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. இவற்றின் ஆவி தலைசுற்றலும் மயக்கமும் தரும். நெடுங்காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். டொலுவீன் ஆவி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு அடர்த்தியானது. ஆகவே அது தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காருக்கு அடியில் வேலை செய்யத் தோண்டப்பட்ட பட்டறைக் குழியில் நிற்பவர், ஆவி மிகுந்த இடத்திலேயே நிற்கிறார்! டொலுவீன் சுமார் 4 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு பீடி நெருப்போ மின்பொறியோ போதும்.

எனவே பூச்சைத் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் அடிக்க வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் துளிகள் ஓரளவு தடுபடலாம், ஆவி நிற்காது. அதற்குக் கிளர்வுற்ற கரி வைத்த முகமூடி தேவை. காய்ந்த பூச்சை நெருப்பால் பொசுக்கி அகற்றுவதும் தவறு. வெப்பத்தில் சங்கிலி அறுந்து, ஸ்டைரீன் உள்ளிட்ட நச்சு ஆவிகள் மீண்டும் வெளிவரும்.

நீரில் ரப்பர்த் துகள்கள் மிதக்கும் பால்மப் பூச்சுகளும் இன்று கிடைக்கின்றன. அவற்றிலிருந்து பெரும்பாலும் வெளியேறுவது நீராவியே. பட்டறையில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எந்தக் கரைப்பான் என்பது அங்கே இருக்கும்.