உங்க ஃபோன்ல ஃபிளாஷ் ஏன் ஓடல? ஒரு ப்ளகின் சண்டையோட கதை

இந்த வாரம் நேயர் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறோம். ராசிபுரத்துல இருந்து ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அத்தை நடத்துன நர்சரி பள்ளிக்கு வாங்கின பாட சிடி ஒரு பெட்டி நிறைய இருக்காம். உயிரெழுத்து, வாய்ப்பாடு, செடி முளைக்கிறது எல்லாமே அசையும் படம். அதையெல்லாம் பென்டிரைவ்ல ஏத்தி ஃபோன்ல திறந்தா ஒண்ணும் ஓடல. எல்லாமே எஸ்.டபிள்யூ.எஃப். கோப்பு. "வீடியோ ஓடுது, பாட்டு ஓடுது. இது மட்டும் ஏன் ஓடாது? யார் இதை நிறுத்தினது?"னு கேட்டிருந்தாங்க.

நல்ல கேள்வி. எஸ்.டபிள்யூ.எஃப். அப்படிங்கிறது ஃபிளாஷ் கோப்பு. அதை ஃபோன்ல ஓட விடலாமா கூடாதான்னு பெரிய கம்பெனிகளுக்கு நடுவுல ஒரு சண்டையே நடந்துச்சு. அதுல எடுத்த முடிவு இன்னைக்கும் நம்ம ஃபோனைப் பாதிக்குது.

ப்ளகின்னா என்ன?

நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கிறது சுலபம். லாரி கம்பெனி சேஸிஸ் கொடுக்கும், பாடி கட்டுறது நாமக்கல் பட்டறை. திருச்செங்கோட்டுல அதே மாதிரி லாரி மேல ரிக் ஏத்தி போர்வெல் வண்டி ஆக்கிடுவாங்க. பிரவுசரை சேஸிஸ்னு வெச்சுக்கோங்க. ப்ளகின் அப்படிங்கிறது வெளியில வேற ஒரு கம்பெனி செஞ்சு அது மேல பொருத்துற பாடி.

1990-கள்ல பிரவுசருக்குத் தெரிஞ்சது எழுத்தும் படமும்தான். அசையும் படம், சத்தம், விளையாட்டு வேணும்னா பெரும்பாலும் ப்ளகின் போடணும். அப்படி 1996-ல வந்ததுதான் ஃபியூச்சர்ஸ்பிளாஷ். அதே வருஷம் டிசம்பர்ல மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ்னு பேர் வெச்சுது. 2005-ல மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிடுச்சு. யூடியூப் ஆரம்பத்துல ஓடினது ஃபிளாஷ்லதான். 2009-ல ஃபேஸ்புக்ல எல்லாரும் கத்திரிக்காய், தக்காளி நட்ட ஃபார்ம்வில்லும் ஃபிளாஷ்தான். பார்க்கிறவங்களுக்கு பிளேயர் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியது அதை உருவாக்குற மென்பொருளை மட்டும்தான். புரோகிராமிங் பெருசா தெரியாத ஓவியர்கூட அனிமேஷன் செய்ய முடிஞ்சுது. அதுதான் ஃபிளாஷோட பெரிய பலம்.

2010 ஏப்ரல்

2007-ல முதல் ஐஃபோன் வந்தப்பவே அதுல ஃபிளாஷ் இல்ல. 2010 ஏப்ரல் 29-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் போட்டு அதுக்குக் காரணம் சொன்னார். முக்கியமானதை மட்டும் பார்ப்போம்.

முதல் காரணம், ஃபிளாஷ் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். ரெண்டாவது, பாதுகாப்பும் நம்பகத்தன்மையும் குறைவு. மேக் கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிறதுக்கு முதல் காரணமே ஃபிளாஷ்தான்னார். லாரி கணக்குல சொன்னா, பாடி ஆடினாலும் திட்டு வாங்குறது சேஸிஸ் கம்பெனி. மூணாவது, பேட்டரி. வீடியோவை சிப்பே நேரா டிகோட் செஞ்சா ஐஃபோன்ல பத்து மணி நேரம் வரைக்கும் ஓடும், மென்பொருள் வழியா செஞ்சா அஞ்சு மணி நேரம்கூட தாங்காதுங்கிறது அவர் சொன்ன கணக்கு. நாலாவது, தொடுதிரை. நிறைய ஃபிளாஷ் தளங்கள்ல மவுஸை மேல கொண்டு போனாத்தான் மெனு விரியும். விரலுக்கு அந்த 'மேல நிற்கிற' வேலை கிடையாது. தொட்டா தொட்டதுதான்.

அடோபியோட சி.இ.ஓ. அப்போ ஹைதராபாத்காரரான சாந்தனு நாராயண். இதெல்லாம் உண்மையான காரணத்தை மறைக்கிற புகைதான்னு அவர் பதில் சொன்னார். அதுலயும் நியாயம் இருந்துச்சு. ஒரே ஃபிளாஷ் ஆப்பை எல்லா ஃபோன்லயும் ஓட்ட முடிஞ்சா, ஆப் ஸ்டோரோட பிடி தளர்ந்துடும். ஆப்பிளும் ஒண்ணும் திறந்த வீடு இல்லையே.

நம்ம கைக்கு எட்டாத சண்டை

அந்தக் கடிதம் வந்தப்போ இந்தியாவுல 3ஜி ஏலமே முடியல. ஏப்ரல் 9-ல ஆரம்பிச்சு மே 19-லதான் முடிஞ்சுது. தனியார் 3ஜி அதுக்கப்புறம்தான் வந்துச்சு. சேலம், நாமக்கல்ல பெரும்பாலானவங்க கையில இருந்தது 2ஜி.

ஆப்பிள் மறுத்ததால, "எங்ககிட்ட முழு இணையமும் இருக்கு"ன்னு ஆண்ட்ராய்ட் பக்கம் பெருமையா விளம்பரம் பண்ணினாங்க. 2010 ஜூன்ல ஆண்ட்ராய்டுக்கு ஃபிளாஷ் பிளேயர் 10.1 வந்துச்சு. ஆனா அதுக்கு ஏ.ஆர்.எம்.வி7 வகை பிராசஸர் வேணும். 2011-ல காலேஜ் பசங்க கையில நிறைய பார்த்த சாம்சங் கேலக்ஸி ஒய் ஞாபகம் இருக்கா? பத்தாயிரத்துக்குள்ள கிடைச்ச ஃபோன். அதுல இருந்தது பழைய ஏ.ஆர்.எம்.வி6. அடோபி ஃபிளாஷ் அதுல ஏறாது. அதாவது, ஃபிளாஷ் வேணும்னவங்க, வேண்டாம்னவங்க ரெண்டு பேருமே விலை கூடின ஃபோனைப் பத்திதான் பேசிட்டிருந்தாங்க. மலிவு ஃபோன்காரங்க அந்தப் பேச்சுலயே இல்ல.

அவங்க பயன்படுத்தினது பெரும்பாலும் ஓபரா மினி மாதிரி பிரவுசர். அது பக்கத்தை முதல்ல அவங்க சர்வர்ல திறந்து, சுருக்கி, பிறகு ஃபோனுக்கு அனுப்பும். ஃபிளாஷ் அதுல வராது. அப்போ பல ஃபோன்ல தமிழே கட்டம் கட்டமாத்தான் தெரியும். ஓபரா மினியோட கான்ஃபிக் பக்கத்துக்குப் போய் ஒரு செட்டிங்கை மாத்தினா, சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பும். செய்தி படிக்கிறதுக்கே இப்படி ஒரு சுத்து வழி தேவைப்பட்டுச்சு.

பேட்டரி விஷயத்தையும் சும்மா விட முடியாது. 2012-ல சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்துச்சுன்னு வீட்ல பெரியவங்களைக் கேளுங்க. எப்போ கரண்ட் வரும்னு தெரியாத ஊர்ல, சார்ஜைப் பாதியா குறைக்கிற மென்பொருள் ஒரு செலவுதான்.

எப்படி முடிஞ்சுது

2011 நவம்பர் 9-ஆம் தேதி, மொபைல் பிரவுசருக்கு இனிமே புது ஃபிளாஷ் செய்யறதில்லன்னு அடோபியே சொல்லிடுச்சு. 2012 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஆண்ட்ராய்ட்ல புதுசா இன்ஸ்டால் பண்றதும் நின்னுச்சு. 2015 ஜனவரியில யூடியூப் எச்.டி.எம்.எல்.5 வீடியோவை முதல் தேர்வா ஆக்குச்சு. 2020 டிசம்பர் 31-ல கம்ப்யூட்டர்லயும் ஆதரவு முடிஞ்சுது. அதே நாள் பழைய ஃபார்ம்வில்லும் மூடிட்டாங்க. 2021 ஜனவரி 12-ல இருந்து பிளேயரே உள்ளடக்கத்தை ஓட விடாம தடுத்துடுச்சு.

தென்னாப்பிரிக்க வருமான வரித்துறையோட சில படிவங்கள் அப்பவும் ஃபிளாஷ்லயே இருந்துச்சு. அதைத் திறக்கிறதுக்காகவே அவங்க 2021 ஜனவரியில தனியா ஒரு பிரவுசர் வெளியிட வேண்டி வந்துச்சு. வரி கட்டுறது மாதிரி ஒரு பொது வேலையை ஒரு கம்பெனி பெட்டிக்குள்ள பூட்டி வெச்சா, கம்பெனி கடையைச் சாத்துற அன்னைக்கு மக்கள் தெருவுல நிக்க வேண்டியதுதான்.

அந்த சிடியை என்ன செய்யலாம்?

தூக்கிப் போட்டுடாதீங்க. ரஃபிள்னு ஒரு இலவச, திறந்த மூல எமுலேட்டர் இருக்கு. ஃபிளாஷ் செஞ்ச வேலையை அது ப்ளகின் இல்லாமயே, இன்றைய பிரவுசருக்குள்ளேயே செய்யும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர்ல இருந்து பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளை இதை வெச்சுதான் ஓட்டுது. ரஃபிள் தளத்துல டெமோ பக்கத்துக்குப் போய் உங்க எஸ்.டபிள்யூ.எஃப். கோப்பை அங்கேயே திறந்து பாருங்க. பழைய, எளிய அனிமேஷன்கள் பெரும்பாலும் ஓடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல எழுதினது சிலது தடுமாறலாம். முதல் வேலையா சிடியில இருக்கிறதை அப்படியே நகல் எடுத்து வைங்க. சிடிக்கும் ஆயுசு இருக்கு.

அப்போ யார் சொன்னது சரி?

தொழில்நுட்பம்னு பார்த்தா ஜாப்ஸ் சொன்னது பெரும்பாலும் சரியாத்தான் போச்சு. பேட்டரி, தொடுதிரை, பாதுகாப்பு மூணுலயும் ஃபிளாஷால ஃபோனுக்கு ஏத்த மாதிரி மாற முடியல.

ஆனா ஃபிளாஷைத் தோற்கடிச்சது ஆப்பிள் மட்டும் இல்ல, பொதுத் தரமும்தான். லாரி பாடிக்கு இன்னைக்கு அரசு வகுத்த விதி இருக்கு. அது எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது அளவு. எச்.டி.எம்.எல்.5-ம் அப்படித்தான். யார் வேணும்னாலும் பிரவுசர் செய்யலாம், மலிவு ஃபோன்லயும் ஓட வைக்கலாம். தமிழுக்கு யூனிகோட் செஞ்சதும் இதே வேலைதான். தளத்துக்கு ஒரு எழுத்துரு இறக்கின காலம் போனது அதனாலதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ப்ளகின் போன இடத்துல முழுக்க முழுக்க திறந்த இணையமா வந்துச்சு? பாதி இடத்தை ஆப் பிடிச்சுக்கிச்சு. காலேஜ் அட்டெண்டன்ஸ், கோச்சிங் வகுப்பு, பேங்க் எல்லாமே "ஆப்பை இறக்குங்க"ன்னு சொல்லுது. ஃபோன் பழசானா ஆப் அப்டேட் ஆகாது. பெட்டி மாறியிருக்கு, பூட்டு அப்படியேதான் இருக்கு.

அதனால ஒரு பள்ளிக்கோ கடைக்கோ நீங்க ஏதாவது செஞ்சு கொடுக்கிறீங்கன்னா, முதல்ல ஒண்ணு கேளுங்க: இதை ஒரு சாதாரண வலைப்பக்கமாவே செய்ய முடியுமா? முடியும்னா அப்படியே செய்யுங்க. பத்து வருஷம் கழிச்சும் திறக்கும்.

உங்க வீட்ல பழைய தமிழ் ஃபிளாஷ் சிடி இருந்தா, ரஃபிள்ல எது ஓடுச்சு, எது ஓடலன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.