கொடையா, கடமையா?

புனேயில் ரயில்வே பணியில் இருந்தவர்களுக்கு ஸ்டேஷன் அருகிலுள்ள சசூன் மருத்துவமனை தெரியாமல் இராது. அதைக் கட்டப் பெரும்பொருள் தந்த டேவிட் சசூன், பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் வணிகம் செய்த யூதர். அவரால்தான் யூதர்களின் தர்ம முறையைப் பற்றிப் படிக்க ஆசை எழுந்தது.

கொடைக்கு அவர்கள் வழங்கும் எபிரேயச் சொல் 'செதாக்கா'. அது நீதி என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. ஆகவே கொடுப்பது இரக்கம் அல்ல, கடமை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தருவது வழக்கம். தானும் வறியவனாகிவிடக் கூடாதே என்று, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்றும் விதித்தார்கள். தர்மம் பெற்று வாழும் ஏழையும் சிறிதாவது கொடுக்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் படி. கடனோ, கூட்டு வியாபாரமோ, வேலையோ தந்து ஒருவர் மறுபடி கையேந்தாதபடி செய்வதே முதல் படி.

சங்க அன்பர்களுக்கு ஒரு யோசனை. கல்வி உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் படம் எடுக்கிறோம். மறுநாள் அந்தப் பிள்ளை நண்பர்கள் நடுவே எப்படித் தலை நிமிரும்? தொகையைப் பெற்றோரிடம் சத்தமின்றிச் சேர்த்தால் போதாதா? ஊரிலிருந்து வரும் இளைஞருக்கு ஒரு வேலை தேடித் தந்தால் இன்னும் நல்லது.