கோபால்ட் உப்புகளும் ‘அணைவு’ என்னும் சொல்லும்

கோபால்ட் என்னும் பெயர் ஒரு வசைச்சொல்லிலிருந்து பிறந்தது. உருக்கினால் வெள்ளியோ செம்போ தராது நச்சுப் புகையை மட்டும் கக்கிய தாதுவை, ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் ‘கோபோல்ட்’ என்னும் குறளியின் சூழ்ச்சி என்றனர். புகைக்குக் காரணம் அதிலிருந்த ஆர்செனிக். அத்தாது கண்ணாடிக்கு ஊட்டும் நீலம் ஒரு புதிய உலோகத்தினுடையது என 1730களில் சுவீடன் நாட்டு கேயோர்க் பிராண்ட் காட்டினார்.

அணு எண் 27 கொண்ட இவ்வுலோகம் பெரும்பாலும் +2, +3 நிலைகளில் சேர்மங்களைத் தருகிறது. எளிய உப்புகளில் +2 நிலையே உறுதியானது. இளஞ்சிவப்பான நீரேறிய கோபால்ட் குளோரைடு, சூடாக்கி நீரை நீக்கினால் நீலமாகும். +3 நிலையோ அம்மோனியா போன்ற மூலக்கூறுகள் சூழும்போதுதான் நிலைபெறுகிறது. அங்கேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியல் திகைத்து நின்றது.

கோபால்ட் முக்குளோரைடுடன் 6 அம்மோனியா சேர்ந்த உப்பு மஞ்சள். 5 சேர்ந்தது ஊதா. 4 சேர்ந்தது பச்சை. உலோகத்தின் இணைதிறன் மூன்று குளோரைடுகளோடு நிறைவுற்றது. அம்மோனியாவும் தன்னளவில் நிறைவானது. பின் இவை இணைவது எங்ஙனம்? அம்மோனியா மூலக்கூறுகள் சங்கிலியாகத் தொடர்கின்றன என்றார் கோபன்ஹேகனின் யோர்கன்சன். உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள் உள்ளன, அவ்விடங்களில் அமர்பவை அதனோடு நேரே பிணைகின்றன என 1893இல் கூறினார் ஆல்பிரட் வெர்னர். அப்போது அவருக்கு அகவை 26.

சான்று எளியது. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் உப்பின் மூன்று குளோரைடுகளும் உடனே வீழ்படிவாகின்றன; ஊதாவில் இரண்டு, பச்சையில் ஒன்றே. வீழாதவை உலோகத்தை அணைந்து நிற்பவை. ஆறு இடங்களும் எண்முகியின் முனைகளாயின், நான்கு அம்மோனியா உப்புக்கு இரு வடிவங்கள் இருத்தல் வேண்டும்: குளோரைடுகள் எதிரெதிரே நிற்பது ஒன்று, அடுத்தடுத்து நிற்பது மற்றொன்று. முன்னது பச்சை. பின்னதாகிய கருஊதா உப்பை வெர்னர் 1907இல்தான் ஆக்கினார். யோர்கன்சனின் மறுப்பும் அத்துடன் ஓய்ந்தது. 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வகைச் சேர்மங்களைத் தமிழகப் பாடநூல்கள் ‘அணைவுச் சேர்மம்’ என்கின்றன. இலங்கை வழக்கில் ‘சிக்கல் அயன்’ என்பது காணப்படுகிறது. பின்னது ஐரோப்பியச் சொல்லின் நேர்பெயர்ப்பு, பிழையன்று. ஆயினும் அது வெர்னருக்கு முந்தைய திகைப்பையே பெயராக்குகிறது. ‘அணைவு’ என்பதோ எது எதனோடு பிணைந்துள்ளது என்று மாணவரை எண்ணவைக்கிறது. புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பள்ளிகள் இரு மரபு நூல்களையும் கையாள நேரும்போது இவ்வேறுபாடு வெறும் சொற்பூசலாகாது.

வைட்டமின் பி12 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. டோரதி ஹாட்ஜ்கின் 1950களில் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்த அதன் கட்டமைப்பின் நடுவே கோபால்ட் உள்ளது. வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் அதனைச் சூழ, ஐந்தாவது கீழிருந்து அணைகிறது. ஆறாம் இடத்தில் மெத்தில் தொகுதி அமர்ந்தால் ஒரு வினை, அடினோசில் தொகுதி அமர்ந்தால் வேறொரு வினை.