கணிப்பொறிக்கும் ஒரு வாசற்காவல்

பலசரக்குக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இன்று கணிப்பொறியும் இடம்பிடித்துவிட்டது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். கடைக்குப் பூட்டு வாங்க நாலு கடை ஏறி இறங்கும் நாம், இந்தக் கணிப்பொறியின் வாசலில் யார் காவல் என்று கேட்பதில்லை. காவல் ஒன்று இருக்கிறது. அதற்குப் 'பாக்கெட் ஃபில்டர்' என்று பெயர். நம் காதில் விழும் 'ஃபயர்வால்' என்பதன் அடிப்படையே இதுதான். அது வேலை செய்யும் விதம் தெரிந்தால், அதை அணைத்து வைப்பதன் ஆபத்தும் புரியும்.

பாக்கெட்டும் பருப்பும்

இணையத்தில் எந்தத் தகவலும் மொத்தமாகப் போவதில்லை. சிறு சிறு பாக்கெட்டுகளாகவே போகிறது. சாதாரண வலையமைப்பில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1,500 பைட் சுமக்கும். லாரி ரசீதில் இருப்பதைப் போல, அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்ற எண் ஆகியவை அதில் இருக்கும். அந்தக் கதவைப் 'போர்ட்' என்பார்கள். 0 முதல் 65,535 வரை அதற்கு எண்கள் உண்டு.

கணிப்பொறியின் இயக்க மென்பொருளுக்கு நடுநாயகமாக இருப்பது 'கெர்னல்'. முந்திரி ஏற்றுமதியாளர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. ஓட்டை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பருப்புக்கும் அதே பெயர்தான். நினைவகம், வட்டு, வலையமைப்பு எல்லாவற்றையும் ஆள்வது அந்தப் பருப்பே. பில் மென்பொருள் போன்றவை அதன் அனுமதியோடு வெளியே நின்று வேலை செய்பவை.

வாசலிலேயே சலிப்பது

லாரிச் சரக்கு முழுவதையும் குடோனில் இறக்கிய பிறகு, 'இது நம்முடையதல்ல' என்று திருப்பி ஏற்றினால் கூலி இரட்டிப்பு. கணிப்பொறிக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் இருவரும் 1992-ல் ஒரு வழி சொன்னார்கள். வலையமைப்பைக் கண்காணிக்கும் நிரல்களுக்கு, கெர்னலுக்குள்ளேயே வேகமாகச் சலித்து, வேண்டிய பாக்கெட்டுகளை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கும் வழி அது.

காவல் பார்க்கும் ஃபில்டரும் கெர்னலில்தான் இருக்கிறது. பாக்கெட் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கெர்னல் அதை ஃபில்டரிடம் காட்டி, 'விடலாமா?' என்று கேட்கிறது. விடலாம் அல்லது கூடாது என்று பதில் வருகிறது. கூடாது என்றால் பில் மென்பொருளின் கண்ணில் படாமலே அந்தப் பாக்கெட் கழிக்கப்படும்.

'ஓப்பன் பி.எஸ்.டி.' என்ற இயக்க மென்பொருளில் முன்பு வேறொருவர் எழுதிய ஃபில்டர் இருந்தது. அதைத் திருத்தி வெளியிடும் உரிமை பற்றி 2001-ல் தகராறு எழுந்ததால் அதை நீக்கிவிட்டார்கள். டேனியல் ஹார்ட்மெயர் என்பவர் புதிதாக 'பி.எஃப்.' என்ற ஃபில்டரை எழுத, அதே ஆண்டு டிசம்பரில் அது வெளிவந்தது. ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் சரக்கு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

விதியும் பேரேடும்

காவலுக்கு நாம் விதிகள் எழுதித் தருகிறோம். லினக்ஸின் 'ஐபிடேபிள்ஸ்' முறையில், விடுவதா தடுப்பதா என்று முதலில் பொருந்தும் விதியே முடிவு செய்யும். பி.எஃப். முறையில் பொதுவாகக் கடைசியில் பொருந்தும் விதியே செல்லும். எந்த முறையானாலும் 'எல்லாவற்றையும் தடு, தேவையானதை மட்டும் விடு' என்பதே பத்திரமான வழி.

இதோடு ஒரு பேரேடும் உண்டு. நம் கணிப்பொறி வெளியே ஓர் இடத்தைக் கேட்டால் அது பேரேட்டில் பதிவாகும். அங்கிருந்து வரும் பதிலை, பதிவைப் பார்த்து உடனே விடுவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கெடு உண்டு. லினக்ஸில் வழக்கமான கெடு, ஒரு வகைப் பேச்சுக்கு 30 விநாடி, நிலையான இணைப்புக்கு 5 நாள். கெடு தாண்டினால் பதிவு நீக்கப்படும். பழைய பாக்கிகளைத் தள்ளாமல் வைத்தால் பேரேடு நிரம்பி, புது வரவுக்கு இடமிருக்காது அல்லவா?

திறந்து கிடந்த கதவு

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற தீநிரல் 135-ஆம் கதவு வழியாக விண்டோஸ் கணிப்பொறிகளில் புகுந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் காவல் இருந்தது. ஆனால் அணைத்த நிலையிலேயே விற்பனைக்கு வந்திருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில்தான் அது தானாகவே இயங்கும்படி செய்யப்பட்டது. 2017 மே 12-ல் 'வான்னாக்ரை' 445-ஆம் கதவு வழியாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போடாதவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

2016-ல் 'மிராய்' கண்காணிப்புக் கேமரா, ரவுட்டர் போன்றவற்றைக் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாததே அதற்கு வழிவிட்டது.

ஆகவே வணிகர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. 'பில் மெதுவாக வருகிறது' என்று யாராவது ஃபயர்வாலை அணைக்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். தேவைப்படும் ஒரு கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

2. வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க ரவுட்டரில் கதவு திறந்திருந்தால், அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். கேமரா, ரவுட்டர் இரண்டின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

3. திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கின் நகல் ஒன்றைத் தனி வட்டில் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி வையுங்கள்.

4. முகம் தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் தொடக்கூடாது என்று கடைப் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

நான்காவதே முக்கியம். ஃபில்டர் பார்ப்பது பெரும்பாலும் ரசீதைத்தான், மூட்டைக்குள் இருப்பதை அல்ல. நாமே கேட்டு வரவழைத்த சரக்கு என்று பேரேட்டில் இருந்தால் அதைத் தடுக்காது. வாசலில் எத்தனை காவல் இருந்தாலும், கல்லாவில் உட்காருபவர் விழிப்பாக இருந்தால்தான் கடைக்குப் பாதுகாப்பு.